ஹோய் ஆன் ஊரில் கோபித்துக்கொண்டு போன கதை

தாய்மாமன் என்றால் யார் என்று தெரியாத ஒரு பெண்ணிடம் கல்யாண ஏற்பாட்டை ஒப்படைத்தது முதல் தப்பு. வியட்நாமில் கால் வைத்த முதல் மணி நேரத்திலேயே இதை நான் தெரிந்துகொண்டேன். ஹுவே நகரத்து ஓட்டல் வாசலில் அந்தப் பெண் ஒரு தட்டு நிறைய ரிப்பன் பூக்களை வைத்துக்கொண்டு நின்றாள். பெங்களூர்க்காரி. கல்யாணங்களை நடத்திக் கொடுப்பதுதான் தொழிலாம். நெருங்கிய குடும்பத்துக்குச் சிவப்பு, மாப்பிள்ளை வீட்டாருக்கு மஞ்சள், விருந்தினருக்குப் பச்சை. கையிலிருந்த பட்டியலைப் பார்த்துவிட்டு என் சட்டையில் பச்சையைக் குத்தினாள்.

கல்யாணப் பெண் யாழினி என் தங்கை செல்வியின் ஒரே மகள். அவளுக்குக் காது குத்தியது என் மடியில். அவள் பெரியவளானபோது குடிசை கட்ட ஓலை கொண்டுபோனவன் நான். அப்பேர்ப்பட்டவன் விருந்தினனாம். எனக்குப் பின்னால் வந்து நின்றவன் சிங்கப்பூரில் யாழினியோடு ஒரே ஆபீஸில் வேலை பார்க்கிறவன். அவனுக்கும் பச்சைதான்.

"இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள், தாத்தா, பாட்டி மட்டும்தான் நெருங்கிய குடும்பமாம். "அங்கிள்லாம் எக்ஸ்டெண்டட் ஃபேமிலி சார்" என்றாள். முப்பத்திரண்டு வருஷம் சர்வேயராக இருந்தவன் நான். நன்னிலம் தாலுகாவில் நான் சங்கிலி போட்டு அளக்காத வரப்பு குறைவு. பட்டாவில் இருக்கிற ஒரு பெயரைத் தூக்கி இப்படிப் புறம்போக்கில் போட்டிருந்தால், அன்றைக்கே ஆபீஸையே இரண்டாக்கியிருப்பேன்.

இங்கே வாயைத் திறக்கவில்லை. மரியாதையைக் கேட்டு வாங்க முடியாது. செல்வி பார்ப்பாள், பார்த்துச் சொல்வாள் என்று பேசாமல் இருந்தேன். அச்சடித்த நிகழ்ச்சி நிரல் ஒன்றையும் கொடுத்தார்கள். மூன்று மொழியில், நிமிடக் கணக்கோடு, புகைப்படம் எப்போது, பழரசம் எப்போது என்று எல்லாம் இருந்தது. தாலிக்கு முன்னால் பெண்ணின் கழுத்தில் தாய்மாமன் போடவேண்டிய மாமன் மாலை மட்டும் இல்லை.

என் மனைவி கூட வந்திருந்தால் "சும்மா இருங்க" என்று ஒரு அதட்டல் போட்டிருப்பாள். தை மாதம், சம்பா அறுவடை. அறுப்பு மெஷின் எங்கள் வயலுக்கு என்றைக்குத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்பதால் அவள் ஊரிலேயே தங்கிவிட்டாள்.

மறுநாள் ஹுவேயின் அரண்மனைக் கோட்டையைப் பார்க்க அழைத்துப் போனார்கள். மழைத் தூறல். பழக்கதோஷத்தில் கோட்டைச் சுவரின் ஒரு பக்கத்தைக் காலடியால் அளந்துகொண்டே நடந்தேன். சுற்றிலும் அகழி, அதில் தண்ணீர், தண்ணீரில் தாமரை இலை, கரையில் தூண்டில் போட்டுக்கொண்டு ஒருவர். எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் தஞ்சாவூரில் கோட்டை அகழி எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று சொல்ல எனக்கே சர்வே புலப்படம் வேண்டும். பாதி கடையாகிவிட்டது, மீதி குப்பையாகிவிட்டது. சண்டையில் குண்டு விழுந்து நொறுங்கிய கோட்டையை இவர்கள் எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். குண்டே விழாத அகழியை நாம் தூர்த்துவிட்டோம்.

சாப்பாட்டு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. இதுவும் நெல் விளைகிற நாடு, எங்களைவிட அதிகமாகவே விளைகிறது. ஆனால் சோறு வருவது சந்தனக் கிண்ணம் மாதிரி ஒரு கிண்ணத்தில். அதுவும் மீன், கறி எல்லாம் வந்து போன பிறகு, போனால் போகிறது என்று. பக்கத்தில் ஒரு கூடை பச்சைத் தழை. அதை அப்படியே கிள்ளி வாயில் போட்டுக்கொள்ள வேண்டுமாம். நான் மூன்று கிண்ணம் சோறு கேட்டேன். பரிமாறிய பெண் சமையல்கட்டுக்குப் போய் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். மாப்பிள்ளைப் பையனின் பெயர் மின், இந்த நாட்டுக்காரன், யாழினியிடம் கொஞ்சம் தமிழ் கற்றிருந்தான். அவன் சிரித்தான். என்ன சொன்னாள் என்று கேட்டேன். "இவர் வயலில் வேலை செய்கிறவர், நிறைய வையுங்கள் என்று சொல்கிறாள்" என்றான். அந்த நாட்டில் என்னைச் சரியாகக் கணித்தவள் அவள் ஒருத்திதான்.

அன்று காலை டோங் பா சந்தையில் வேறு ஓர் அவமானம் நடந்திருந்தது. பனை ஓலைத் தொப்பிகள் கூம்பு கூம்பாக அடுக்கியிருந்தன. ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் இரண்டு ஓலைக்கு நடுவில் வைத்துத் தைத்த பூவும் படகும் தெரிகின்றன. நடவுக்கு வருகிற பெண்களுக்கு இப்படி ஒன்று கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று பத்துப் பன்னிரண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, நாளைக்கு வாங்கலாம் என்று நகர்ந்தேன். திரும்பிப் பார்த்தால் கடைக்காரம்மா ஒரு காகிதத்தைக் கொளுத்தி நான் நின்ற இடத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். நான்தான் அன்றைக்கு முதல் ஆளாம். முதலில் வந்தவன் வாங்காமல் போனால் அன்றைய வியாபாரம் விளங்காதாம். போணி என்றால் என்ன என்று எனக்கா சொல்லித் தர வேண்டும்? கோபம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். திரும்பிப் போய் இரண்டு தொப்பி வாங்கினேன். அந்த அம்மா நான் கொடுத்த நோட்டாலேயே மற்றத் தொப்பிகளைத் தட்டித் தட்டிக் கும்பிட்டாள். திருவாரூர்க் கடைத்தெருவில் பார்த்த மாதிரியே இருந்தது.

மூன்றாம் நாள் ரயில். ஹுவேயிலிருந்து டா நாங் வரைக்கும் தண்டவாளம் கடலையும் மலையையும் உரசிக்கொண்டு போகிறது. சிவப்பு ரிப்பனுக்கெல்லாம் கடல் பக்கம் ஜன்னல், பச்சைக்கு மலைப் பக்கம். மூன்று மணி நேரம் நான் பாறையையும் செடியையும் பார்த்துக்கொண்டு வந்தேன். எதிரே தங்கை வீட்டுக்காரர் நடராஜன் கடலைப் பார்த்தபடி தூங்கினார். திருவாரூரில் உரக்கடை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டு மாப்பிள்ளையாகி முப்பது வருஷத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மலையடிவாரத்தில் ஒரு நிறுத்தம் வந்தது. டீ கிடைக்குமா என்று இறங்கினேன். டீக்கடையைக் கண்டுபிடிப்பதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். கதவில் ஒரு கை நீண்டது. நடராஜன்தான் இழுத்துப் போட்டார்.

"சொல்லிட்டு எறங்கக் கூடாதா மச்சான்?" என்றார். அவ்வளவுதான். வேறு யாராவதாக இருந்தால் ஊர் போகிற வரைக்கும் சொல்லிக் காட்டியிருப்பார்கள்.

ஹோய் ஆன், மின் பிறந்த ஊர். டா நாங்கிலிருந்து போகிற வழியெல்லாம் வயல். எங்களுக்கு அறுப்பு, அவர்களுக்கு அப்போதுதான் இளம்பயிர். ஊருக்குள் மஞ்சள் சுவர் வீடுகள், நடுவில் ஆறு, மரத்தால் கூரை போட்ட ஒரு பழைய பாலம். தெருவுக்குத் தெரு தையல் கடை. காலையில் அளவு கொடுத்தால் சாயங்காலம் கோட்டு தருகிறார்கள். வீட்டுக்கு வீடு பட்டுத் துணியில் விளக்குக் கூண்டு செய்து தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டையும் தெருவில் ஒரு முழம் முன்னால் இழுத்துக் கட்டவில்லை. ஆக்கிரமிப்பு இல்லாத கடைத்தெருவை என் வாழ்நாளில் முதன்முதலாகப் பார்த்தேன். அதை ரசிக்கும் மனநிலையில் நான் இல்லை. ஐந்து நாளாகப் பச்சை ரிப்பனோடு திரிகிறேன், கேட்க ஒரு நாதி இல்லை.

கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்குக் குடும்பப் படம். மண்டபம் என்பது ஆற்றங்கரையில் ஒரு பழைய வணிகர் வீடு. முகூர்த்தம் பத்தரைக்கு மேல். யாழினியை நடுவில் உட்கார வைத்தார்கள், இரண்டு பக்கமும் செல்வியும் நடராஜனும். நடராஜனுக்குப் பக்கத்து நாற்காலியில் யாழினியின் மேலதிகாரி, சிவப்பு ரிப்பனோடு. முக்கியஸ்தராம். என்னை மூன்றாவது வரிசையில் நிறுத்தினாள் பெங்களூர்ப் பெண். "சார், கொஞ்சம் லெஃப்ட்ல போங்க" என்றாள். போனேன். "இன்னும் கொஞ்சம்" என்றாள். போனேன். ஒரு தூண் வந்தது. "இன்னும் கொஞ்சம் சார்" என்றாள். போய்க்கொண்டே இருந்தேன். வாசல் வந்தது. வெளியே வந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் விசேஷம் என்றால் யாராவது ஒருவர் கோபித்துக்கொள்ளத்தான் வேண்டும். பத்திரிகையில் பெயர் கீழே போய்விட்டது, சந்தனம் கொடுக்க ஆள் இல்லை, பந்தியில் இரண்டாவது இலையில் உட்கார வைத்துவிட்டார்கள், ஏதோ ஒன்று. கோபித்துக்கொண்டவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போவார். வீட்டுக்குப் போக மாட்டார். நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உட்காருவார், வருகிற பஸ்ஸிலெல்லாம் ஏறப் போகிறவர் மாதிரி எழுந்து நிற்பார், ஏற மாட்டார். அரை மணியில் இரண்டு பேர் வந்து கையைப் பிடிப்பார்கள். இந்த வகையில் நான் பெரிய கை. நன்னிலம் பஸ் ஸ்டாண்டில் எனக்கென்று ஒரு சிமெண்டுப் பெஞ்சே உண்டு. தேடிக்கொண்டு வருவது எப்போதும் நடராஜன்தான்.

ஹோய் ஆனில் பஸ் ஸ்டாண்டு எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. சந்தை தெரிந்தது. சந்தை முனையில் ஒரு தையல் கடை, வாசலில் இரண்டு ஸ்டூல். தெருவைப் பார்த்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். கடைக்காரப் பெண்ணுக்கு என் வயது இருக்கும். வந்து அளவு நாடாவைத் தோளில் வைத்தாள். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். டீ கொண்டுவந்து கொடுத்தாள். அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. விளக்குக் கூண்டு விற்கிறவள் போனாள், வாத்து கொண்டுபோகிறவர் போனார், சைக்கிள் ரிக்‌ஷாக்கள் வரிசையாக வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு போயின. எங்கள் ஆள் ஒருவர்கூட வரவில்லை. என் போனுக்கு ஓட்டலில் மட்டும்தான் உயிர் உண்டு, வெளியே வந்தால் அது வெறும் கடிகாரம். இரண்டு மணி நேரம் ஆயிற்று. தாய்மாமனைக் காணோம் என்று ஒரு நாய்கூடத் தேடவில்லையே!

தையல்காரப் பெண் தன் போனை என் முன்னால் நீட்டினாள். நாம் தமிழில் பேசினால் அது அவர்கள் மொழியில் பேசுகிறது. யாருக்காகக் காத்திருக்கிறேன் என்று கேட்டாள். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். ரிப்பன், ரயில் ஜன்னல், தூண், எல்லாம். அவள் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பிறகு அவள் பேச, போன் தமிழில் ஒப்பித்தது.

"நீங்கள் கோபமாக இருப்பது அவர்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம இருக்குமா? நான் எந்திரிச்சு வந்துட்டேனே!"

அதை அந்தப் போன் எப்படிச் சொன்னதோ, அவள் தெருவைக் காட்டினாள். பச்சை, நீலம், சிவப்பு என்று பட்டை குத்திக்கொண்டு சுற்றுலாக்காரர்கள் கும்பல் கும்பலாகக் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். "கடைக்கு வந்திருக்கிறீர்கள் என்று நினைப்பார்கள்" என்றது போன்.

இது நன்னிலம் இல்லை. இங்கே கோபித்துக்கொண்டு போகிறவனுக்கும் பட்டு வாங்கப் போகிறவனுக்கும் யார் வித்தியாசம் கண்டுபிடிப்பார்கள்? மணி ஒன்பதேகால். கூப்பிட ஆள் வராமல் நானாகவே எழுந்து திரும்பி நடந்தது அதுதான் முதல் தடவை. வழியெல்லாம் அந்தப் பெங்களூர்ப் பெண்ணைத் திட்டிக்கொண்டே போனேன்.

கல்யாண வீட்டு மாடி அறையில் செல்வி தனியாக உட்கார்ந்திருந்தாள். மேஜையில் ஈரத்துணி போர்த்திய ஒரு மாலை. துணியை விலக்கினாள். ரோஜாவும் சம்பங்கியும்.

"மாமன் மாலை. மின்னோட அம்மா விடியறதுக்குள்ள மார்க்கெட்டுக்குப் போயி கட்டிக்கிட்டு வந்தாங்க. இதெல்லாம் பேப்பர்ல போடுற சமாச்சாரமாண்ணே?"

நான் ரிப்பனைக் காட்டினேன். "நான் சிவப்புன்னுதான் எழுதிக் குடுத்தேன், அந்தப் பொண்ணு மாத்திடுச்சு. பாத்தேன். சொல்ல மறந்துட்டேன். அஞ்சு நாளா எனக்கு எத்தன வேல" என்றாள்.

"நான் எந்திரிச்சுப் போனதையாவது பாத்தியா?"

"பாத்தேன். உங்க துண்டு ஒதறுனதுலயே தெரிஞ்சிபோச்சு. ஒருத்தரும் போவக் கூடாதுன்னு நாந்தான் சொல்லிட்டேன்."

அவள் குரல் உயரவே இல்லை.

"என் கல்யாணத்துல மைக்குல உங்க பேரச் சொல்லலன்னு போனீங்களே, ஞாபவம் இருக்கா?"

"அப்பா வந்து கூட்டியாந்தாரே."

"எப்பக் கூட்டியாந்தாரு? முகூர்த்தம் நிக்குமா? பெரியப்பா தாரை வாத்துக் குடுத்து, தாலி ஏறி, நான் பாலும் பழமும் கையில வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். நீங்களும் அப்பாவும் சிரிச்சிப் பேசிக்கிட்டு உள்ள வர்றீங்க. என் மவளுக்கு அது நடக்கக் கூடாதுண்ணே."

முப்பது வருஷத்தில் இதை அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. அப்பா போய்ச் சேர்ந்தே பதினோரு வருஷம் ஆகிறது. கட்டிலில் உட்கார்ந்தேன். அன்றைக்கு அப்பா என்னை வந்து அழைத்ததை இத்தனை நாள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த நேரத்தில் அவர் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

அப்போது கீழேயிருந்து பெங்களூர்ப் பெண் படியேறி ஓடிவந்தாள். பெண்ணின் அப்பாவைக் காணோம். ஒரு மணி நேரமாகத் தேடுகிறார்களாம். போன் அறையில் சார்ஜில் கிடக்கிறதாம். செல்வி என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் எழுதப் போவதில்லை.

"நான் சொன்னேனே அவருகிட்ட... சரின்னாரே..." என்றாள்.

சரி என்று சொல்லியிருப்பார். எதற்குத்தான் அவர் சரி சொல்லவில்லை? சொல்லிவிட்டு, யாருக்கும் தெரியாமல் பழக்கப்பட்ட வேலைக்குக் கிளம்பியிருப்பார். மின் ஆற்றங்கரைப் பக்கம் ஆள் அனுப்பினான், இன்னொருவனைச் சந்தைக்கு அனுப்பினான். நான் சொன்னேன், "தம்பி, இந்த ஊர்ல பஸ் ஸ்டாண்டு எங்க இருக்கு?"

வாசலில் நின்ற ஒரு மோட்டார் சைக்கிள்காரரை மின் பிடித்துக் கொடுத்தான். பட்டு வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் ஏறினேன். மணி பத்து. ஊருக்கு வெளியே, மைதானம் மாதிரி ஓர் இடம். நாலைந்து பஸ் நின்றன. சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் பட்டு வேட்டியும் சிவப்பு ரிப்பனுமாக நடராஜன் உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"எல்லா பஸ்ஸுலயும் ஏறி எறங்கிப் பாத்துட்டேன் மச்சான். உங்களக் காணும். திரும்பலாம்னா வந்த வழி தெரியல, ஓட்டல் பேரும் வாயில வரல" என்றார்.

"எந்திரிங்க மாப்ள, நேரமாச்சு."

அவர் எழுந்திருக்கவில்லை. செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நான் தாலி கட்டறப்ப அவ என் மொகத்தப் பாக்கல மச்சான். வாசலையே பாத்துக்கிட்டிருந்தா. ஒங்கப்பா வந்துடுவாரா, வந்துடுவாரான்னு. மூணாவது முடிச்சு போடற வரைக்கும் பாத்தா." சட்டையில் சரிந்திருந்த ரிப்பனை நிமிர்த்திவிட்டுக்கொண்டார். "அதான் அப்பறம் எந்த விசேஷத்துலயும் வேற ஆள விடாம நானே ஓடியாந்துடறது. இன்னிக்கும் பழக்கத்துல வந்துட்டேன் பாருங்க. எம்மவ அங்க வாசலப் பாத்துக்கிட்டிருப்பா."

எனக்கு யார் மேல் கோபம் வந்தது என்று சொல்லத் தேவையில்லை. அன்றைக்குப் பார்த்து மைக்கில் பெயரைச் சொல்லாமல் விட்டவன் மேல் இல்லை. குனிந்து செருப்பை அவர் காலடியில் நகர்த்தி வைத்தேன். அவர் பதறிப்போய், "ஐயோ, என்ன மச்சான்" என்று எழுந்துவிட்டார். ஒரே மோட்டார் சைக்கிளில் மூன்று பேர், இரண்டு பட்டு வேட்டி. வழியில் எங்களைப் பார்த்து ஊரே சிரித்தது. ஓட்டியவரும் சிரித்தார்.

பத்து முப்பத்தைந்துக்கு உள்ளே நுழைந்தோம். நடராஜன் நேரே மேடைக்குப் போய் மகள் பக்கத்தில் நின்றார். "எங்கப்பா போனீங்க?" என்று யாழினி அழுதேவிட்டாள். நான் மாலையைப் போட்டேன். என் சட்டையில் பச்சை ரிப்பன் இருந்ததா, விழுந்துவிட்டதா என்று பார்க்கவில்லை. அவர் தாரை வார்த்துக் கொடுத்தார். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த ஐயர் கை காட்டினார், யாருடைய போனிலோ கெட்டிமேளம் முழங்கியது, மின் தாலியை எடுத்தான்.

எல்லாரும் யாழினியைப் பார்த்தார்கள். நான் செல்வியைப் பார்த்தேன். அவள் ஒரு கணம் திரும்பி வாசலைப் பார்த்தாள். நாங்கள் எல்லாரும் உள்ளேதான் இருந்தோம்.